டிஎன்ஏ கட்டுரையில விட்டுப்போன ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த டிஎன்ஏ சீக்வென்சிங் கட்டுரை, அதாவது டிஎன்ஏல இருக்கற ஏ, சி, ஜி, டிங்கற நாலு எழுத்தும் எந்த வரிசையில வருதுன்னு படிக்கறதைப் பத்தினது, படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு, 1977ல இப்படிப் படிக்க வழி கண்டுபிடிச்ச விஞ்ஞானி சாங்கர்ல ஆரம்பிச்சு வரிசையா சொல்லிட்டு வந்தவர் கடைசியில இனி ஒரு டியூப் ரத்தம் குடுத்தா போதும் நம்ம தலையெழுத்தையே படிச்சிரலாம்ங்கற மாதிரி முடிச்சிட்டார் பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது.

ஏன்னா அப்படி ஒரு ரிப்போர்ட் எங்க வீட்டுக்கே வந்துச்சு. அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், சித்திக்கும் முன்னாடி இருந்ததால அந்த நோயோட தொடர்புள்ள பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 ரெண்டு ஜீனையும் பாக்கச் சொன்னார் டாக்டர். லேப்ல இருந்து மெயில்ல பதினோரு பக்கம் வந்துச்சு, விளக்கிச் சொல்ல ஒரு ஆள் கிடையாது. அக்கா நாலாம் பக்கத்துல ஒரே ஒரு வரி மேல விரலை வச்சுட்டு அப்படியே உக்காந்துட்டா. சி இருக்கவேண்டிய இடத்துல டி இருக்காம், பக்கத்துல வியுஎஸ்னு மூணெழுத்து. அதாவது எழுத்து மாறியிருக்கு, ஆனா அதனால கெடுதலா இல்லையான்னு இப்போதைக்கு சொல்ல முடியாதுன்னு அர்த்தம். அது தெரியாம மாமா ராத்திரி பூரா நெட்ல தேடி, விடியறதுக்குள்ள கருப்பையைச் சுத்தி இருக்கறதை எல்லாம் எடுத்துரலாமாங்கற பேச்சு வரைக்கும் போயிட்டார்.

ரெண்டு வாரம் கழிச்சு ஜெனடிக் கவுன்சிலர்தான், அதாவது இந்த மாதிரி ஜீன் ரிப்போர்ட்டை விளக்கி ஆலோசனை சொல்றவங்க, புரியவச்சாங்க. இந்த மாற்றங்களை அஞ்சு தரமா பிரிப்பாங்களாம், இது நட்டநடுவுல இருக்கறது, இதை வச்சு ஆபரேஷன் முடிவெல்லாம் எடுக்கக்கூடாது, பின்னாடி தரம் மாத்தும்போது பெரும்பாலும் தீங்கில்லாத பக்கம்தான் போகும்னாங்க.

படிக்கற வேகம் ஏறினது பெரிய சாதனைதான், மறுக்கல. சாங்கர் காலத்துல ஃபிலிம்ல விழுந்த கருப்புக் கோடுகளை கீழ இருந்து மேல கண்ணால பாத்து எழுதணும், ஒரு குட்டி வைரஸோட சுமார் 5,400 எழுத்தை முடிச்சதே அப்ப பெரிய விஷயம். மனுஷனுக்கு 300 கோடி எழுத்து. அது மொத்தத்தையும், அதாவது ஜீனோமை, படிக்க 1990ல ஆரம்பிச்ச ஹ்யூமன் ஜீனோம் ப்ராஜெக்ட் 2003ல முடிஞ்சுதுன்னாங்க, அப்பவும் சுமார் 8 சதவீதம் பாக்கி, அது 2022லதான் தீந்துச்சு. கேம்பிரிட்ஜ்ல சங்கர் பாலசுப்ரமணியனும் டேவிட் க்ளெனர்மனும் கண்டுபிடிச்ச முறையில கோடிக்கணக்கான துண்டுகளை ஒரு கண்ணாடியில ஒட்டி, ஒவ்வொரு எழுத்து சேரும்போதும் வர்ற கலர் வெளிச்சத்தை போட்டோ எடுத்தே படிச்சிடறாங்க. வேற ஒரு முறையில, 2022ல ஸ்டான்ஃபோர்டு டீம் ஒரு நோயாளியோட முழு ஜீனோமை 5 மணி 2 நிமிஷத்துல சீக்வென்ஸ் பண்ணிட்டாங்க.

ஆனா ஒரு எழுத்து மாறினா என்ன ஆகும்னு தெரிய ஏகப்பட்ட பேரோட டேட்டா வேணும்ல, அது இதுவரைக்கும் சேந்திருக்கறதுல பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளிக்காரங்களோடது. மத்தவங்களுக்கு இந்த வியுஎஸ் அதிகமா வர்றதுக்கு அது ஒரு முக்கிய காரணம். மெஷினை வேகமாக்கினா மட்டும் இது சரியாகாது.

டெஸ்ட்டே வேண்டாம்னு சொல்ல வரல. காரணமே தெரியாம ஐசியூல கிடக்கற பச்சைக்குழந்தைக்கு இது உயிர் காக்கற விஷயம். கொரோனாவோட 30,000 எழுத்தும் 2020 ஜனவரியிலயே வெளிவந்ததாலதான் டெஸ்ட்டும் தடுப்பூசியும் அவ்வளவு சீக்கிரம் வந்துச்சு. அடுத்த தடவை எழுதும்போது ஒரு ஜெனடிக் கவுன்சிலரையும் பேட்டி எடுத்துப் போடுங்க, ரிப்போர்ட்டை கையில வச்சுட்டு முழிக்கறவங்களுக்கு உபயோகமா இருக்கும்.

அக்கா இப்ப நல்லா இருக்கா. தரம் ஏதும் மாறியிருக்கான்னு அப்பப்ப லேப்ல கேக்கச் சொல்லியிருக்காங்க, இந்த வருஷமும் கேட்டோம், அதே வியுஎஸ்தான்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்