பாட்டிலுக்குள் பேய்க்கை

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் பேய்க்கதைக்குப் போட்டிருந்த படத்தைப் பார்த்தேன். ஊறுகாய் பாட்டில் நிறையப் பச்சைத் தண்ணீர், உள்ளே வெட்டுண்ட கை. பயமே வரவில்லைங்க. ஸ்டிக்கர் ஒட்டினாற்போல் கை அப்படியே நேராக நிற்கிறது.

எங்கள் அப்பாவுக்குக் கோபியில் சோடாக் கடை. நான் ராத்திரியில் பிளெண்டர் என்கிற முப்பரிமாணப் பட மென்பொருளில் இதே மாதிரிப் படங்கள் செய்கிறவன். உருண்டை பாட்டிலில் தண்ணீர் நிறைந்துவிட்டால் அது லென்ஸ்தான். உள்ளே கிடக்கும் விரல் அகலவாக்கில் பருத்துத் தெரியும். பின்னால் தள்ளியிருக்கும் ஜன்னல் இடம் வலமாக மாறும். கை பாதி வெளியே நீட்டியிருந்தால் நீர்மட்டத்தில் முறிந்து விலகும். பயம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, கண்ணாடிக்குச் சுமார் 1.5. மென்பொருளில் இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டால் கண்ணாடியின் உட்சுவர் காணாமல் போகும். நானோ தண்ணீருக்கும் கண்ணாடிக்கும் நடுவே துளி இடைவெளி விட்டுவிட்டு, பாதரசம் பூசியது போலப் பளபளத்த காற்றுப் படலத்தோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். தண்ணீரின் ஓரம் கண்ணாடிக்குள் மயிரிழை அளவு புகுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓவியருக்கு மென்பொருள்கூட வேண்டாம். பாட்டில் தண்ணீருக்குள் ரப்பர் கையுறையைப் போட்டு, பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடித்து, மேசையில் நெளியும் வெளிச்சத்தையும் பார்த்து வரையட்டும். நான் அப்படி வைத்திருந்ததைப் பார்த்துத்தான் எங்கம்மா பால் போசியைக் கீழே போட்டுவிட்டார்.

- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்