பூவரசு வேலியை வெட்டிய சபையாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உள்ளூராட்சி சபைத் தவிசாளர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுத்தோட்டப் போட்டிக்குப் பார்வையிட வந்தவர்கள் என் வளவுக்குப் புள்ளி போடாமலே திரும்பினார்கள். "காடு மாதிரிக் கிடக்கு, துப்பரவாக்குங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அவர் காடு என்றது கிணற்றடி ஆடாதோடையையும், வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் நிற்கும் நொச்சியையும், படலையடி எருக்கலையையும். அடுத்த நாள், ஒழுங்கை அழகாகத் தெரிய வேண்டுமென்று பக்கத்து வீட்டு அக்காவின் பூவரசு வேலியை உங்கள் ஆட்கள் அடியோடு வெட்டினார்கள்.

அந்த அக்காவின் பாட்டை மட்டும் சொல்கிறேன். போன மாரியில் நீங்கள் கொடுத்த குரோட்டன், டுரான்டா என்ற அழகுச் செடிகளை ஆசையாக வாங்கி நட்டார். முற்றத்தில் மலேசியன் புல்லும் பதித்தார். மழை நிற்கும் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் இந்த எழுவான்கரையின் மணலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் வரை நிற்காது. ஆனி, ஆடியில் கச்சான் என்ற வறண்ட காற்று அடித்தால் இருக்கிற ஈரமும் போய்விடும். விடியமுன் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் அவர் கிணற்றில் வாளி இறக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். ஆடி நடுவில் அந்த வாளி பாதி மணலோடு வந்தது. வாயில் வைத்தால் உவர். குடிதண்ணீருக்குத் தண்ணீர் லொறியான பவுசரடியில் குடத்தோடு காத்து நின்ற மனிசி, கொடுத்த கன்று பட்டுப்போனால் சபையார் ஏசுவார்கள் என்று பயந்து, சட்டிபானை கழுவிய தண்ணீரையும் அதற்கு ஊற்றினார். புல் காய்ந்தது. குரோட்டன் இலையெல்லாம் கொட்டி வெறும் தடியாய் நின்றது. ஒரு வாளி தண்ணீரும் காணாத பூவரசு மட்டும் பச்சையாய் நின்றது.

அதைத்தான் வெட்டினீர்கள்.

பூவரசு உப்புக்காற்றையும் மணலையும் தாங்கும் மரம். மாரி தொடங்கும்போது கதியால், அதாவது வெட்டிய தடி, நட்டால் தானே தளிர்க்கும். ஆட்டுக்குக் குழை கிடைக்கும், முற்றத்துக்கு நிழல் கிடைக்கும். காலையில் மஞ்சளாய் விரியும் பூ வாடும்போது சிவந்துவிடும். வேறென்ன அழகு வேண்டும்? என் எருக்கலையில் நேற்று ஏழு புழு எண்ணினேன். உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையும் வரி, நடுவில் மஞ்சள் பொட்டு. கொஞ்ச நாளில் அவை செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாய்ப் பறக்கும். அக்காவின் குரோட்டனில் இப்படி ஒன்றையும் நான் கண்டதில்லை.

வெளியிலிருந்து வருவதுதான் அழகு என்ற எண்ணம் இன்று வந்ததல்ல. தண்ணீரை மூடிப் படரும் ஆற்றுவாழையும் (ஆகாயத்தாமரை) பூவின் அழகுக்காகத்தான் இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1909இலேயே அதை ஒழிக்கச் சட்டம் போட வேண்டி வந்தது. அது படர்ந்த கிட்டங்கி ஆற்றுப் பக்கம் தோணி விடுகிறவர்களைக் கேட்டால் மிச்சத்தைச் சொல்வார்கள். அப்புறம், பாடசாலை வாசல், கோயில் வீதி, கடற்கரைப் பூங்கா, எங்கே பார்த்தாலும் அதே குரோட்டன் வரிசை. புன்னை எது, இலுப்பை எது என்று பிள்ளைக்குக் காட்ட ஒரு மரம் தேடி அலைய வேண்டியிருக்கிறது. இதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

சரி, இதெல்லாம் உங்கள் ஒரு சபை மட்டும் செய்ததில்லை. கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் நீங்கள் பங்கிடும் கன்றுகள் இந்த மண்ணின் கன்றுகளாக இருக்க வேண்டும். பூவரசு, புன்னை, கொன்றை, நாவல், இலுப்பை, நொச்சி, ஆடாதோடை, இவற்றில் எதைத் தந்தாலும் வாங்கி வளர்ப்போம். போட்டிக்குப் புள்ளி போடும்போது, கோடையில் அந்தத் தோட்டம் எத்தனை வாளி தண்ணீர் குடிக்கிறது என்றும் தயவுசெய்து கேளுங்கள். திரும்பவும் சொல்கிறேன், இந்த மண்ணின் கன்றுகளைத் தாருங்கள்.

அக்காவின் வேலிக்கு வேண்டிய கதியாலை மழை தொடங்கியதும் என் பூவரசிலிருந்து நானே வெட்டிக் கொடுக்கப்போகிறேன். இந்த முறை அதை வளர விடும்படி உங்களைத் தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எழுவான்கரையிலிருந்து ஒரு வளவுக்காரி