ஸ்காலா தேயின் ஓர் அறையும் நமது இராஜராஜப் பெரும்பள்ளியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பார்சிலோனாவில் பணிபுரியும் மகளிடம் சென்றிருந்தபோது, ஸ்பெயினின் கற்றலோனியாப் பகுதியிலுள்ள பிரியோரட் பள்ளத்தாக்கில் இடிந்து கிடக்கும் ஸ்காலா தேய் துறவுமடத்தைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே கண்டதொன்று நமது திருகோணமலைக்கும் பயன்படும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மொன்சாந்த் மலையடிவாரத்தில், தகடு தகடாக உடையும் கரிய கற்சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள் படிபடியாக ஏறிச் செல்ல, அவற்றுக்கு அருகே மடத்தின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. தனிமையிலும் மௌனத்திலும் வாழும் கத்தோலிக்கத் துறவியரான கர்த்தூசியன் சபையினருக்காக 1194 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இம்மடமே ஐபீரியக் குடாநாட்டில் அச்சபையின் முதல் மடமாகும். பைன் மரத்தில் சார்த்திய ஏணி வழியே தேவதூதர்கள் விண்ணுக்கு ஏறுவதை இடையன் ஒருவன் கண்டதாக வழங்கும் கதையினால் ‘கடவுளின் ஏணி’ என்னும் பெயர் அதற்கு அமைந்தது. மடத்தின் தலைவரான ‘பிரியோர்’ சுற்றுக் கிராமங்களை ஆண்டமையால் நிலமே பிரியோரட் ஆயிற்று. அதன் வைன் மரபையும் அத்துறவிகளோடு இணைத்தே பேசுகிறார்கள். 1835 இல் ஸ்பெயின் அரசு மடங்களின் சொத்துகளைப் பறித்தபோது துறவிகள் வெளியேற, மடம் சூறையாடப்பட்டுத் தீக்கிரையானது. கோணேசர் கோயிலின் கற்கள் போர்த்துக்கேயர் கையில் கோட்டைச் சுவராகிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அச்சுவர்களின் நிலையை எவரும் விளக்கத் தேவையில்லை.

இடிபாடுகளைப் புதுக்கோயில் போலக் கட்டி எழுப்பாமல், துறவி ஒருவரின் அறையை மட்டும் அங்கே முன்னிருந்தவாறு மீளக் கட்டியுள்ளார்கள். படுக்கை, செபிக்கும் இடம், தனியாக ஒரு சிறு தோட்டம், முகம் பாராமல் உணவை உள்ளே வைப்பதற்கான சுவர்த்துவாரம் ஆகியவற்றைப் பார்த்தபின் வெளியே வந்தால், அதுவரை வெறுங்கற்குவியலாகத் தெரிந்தவை எல்லாம் மனிதர் மௌனமாக வாழ்ந்த வீடுகளாகத் தெரிகின்றன. அந்த ஓர் அறை இல்லாதிருந்தால் நான் படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பேன்.

கன்னியாவுக்கு அப்பால், பெரியகுளத்தருகே நாம் நாதனார் கோயில் என்று சொல்லும் வெல்கம் விகாரை, சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்ற பௌத்த வழிபாட்டிடம். தமிழர் அங்கே அணையாது எரியும் நந்தா விளக்கும் பசுக்களும் எருமைகளும் காசும் கொடுத்ததைத் தமிழ்க் கல்வெட்டுகள் சொல்கின்றன, பேராசிரியர் சி. பத்மநாதன் போன்ற அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து எழுதியுமிருக்கிறார்கள். ஆனால் நான் கடைசியாகச் சென்றபோது, உடன்வந்த என் பேரனுக்கு அவ்வெழுத்துகளில் ஒன்றுகூடப் பிடிபடவில்லை. தமிழ் படிக்கும் பிள்ளை, தமிழ்க் கல்லின் முன்னே எழுத்தறியாதவன் போல நின்றான்.

அங்கே எதையும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. கல்வெட்டு ஒன்றையேனும் எடுத்து, அதன் எழுத்தைப் பெரிதாக வரைந்து, கீழே இன்றைய தமிழிலும் சிங்களத்திலும் பொருள் எழுதிக் கல்லருகே வைத்தால், நமக்கு அதுவே ஸ்காலா தேயின் அறையாகிவிடும். யார் விளக்குக் கொடுத்தார், அது அணையாதிருக்க எத்தனை பசுக்களை விட்டார் என்பதை ஒரு பிள்ளை தானே வாசித்தறியட்டும். உரிய திணைக்களம் இதனைக் கவனத்தில் எடுக்க வேண்டும். அதுவரை, மாணவரை அங்கே அழைத்துச் செல்ல விரும்பும் பாடசாலைகளுக்கு, அச்சில் வந்த வாசகங்களைப் படியெடுத்துக்கொண்டு உடன்வர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.