ஃபிர்ன் அளக்கப் போகிற மகளுக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது.

ஃபோனில் உன் குரலில் சுரத்தே இல்லை. கூட வருகிறவர்களுக்கெல்லாம் ஆழத்துப் பனிக்கட்டியும் பழங்காலக் காற்றும், உனக்கு மட்டும் ஃபிர்னின், அதாவது ஆண்டுக்கணக்கில் இறுகிவரும் பழம்பனியின், அடர்த்தியை அளக்கும் வேலை என்று அலுத்துக்கொண்டாய். "பனியும் இல்லை, பனிக்கட்டியும் இல்லை, இரண்டுங்கெட்டான்" என்றாய். உன்னோடு பேசி ஜெயிக்க முடியாது என்பதால்தான் இந்தக் கடிதம்.

எர்ன்ஸ்ட் சோர்ஜை நீ பாடத்தில் ஒரு விதியாகப் படித்திருப்பாய். நான் அந்த மனிதரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1930-ல், கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன ஆல்ஃபிரட் வேகனரின் குழு, கிரீன்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உள்ளே, ஐஸ்மிட்டே என்ற இடத்தில் நிலையம் அமைத்தது. தங்குவதற்கான குடிசை வந்து சேரவே இல்லை. சோர்ஜும் அவருடைய சகா கேயார்கியும் ஃபிர்னைக் குடைந்து அதற்குள்ளேயே குடியிருந்தார்கள். அக்டோபர் கடைசியில் வேகனரோடு வந்து சேர்ந்த சக ஆய்வாளர் லோவேயின் கால்விரல்கள் உறைந்து கெட்டுப்போயிருந்தன. அவற்றைப் பேனாக்கத்தியால் அறுத்தெடுத்தது அந்தக் குகைக்குள்தான். நவம்பர் 1 அன்று, தம் ஐம்பதாவது பிறந்தநாளில், கிரீன்லாந்துக்காரரான வில்லும்சனோடு திரும்பிப் புறப்பட்ட வேகனர் கரை சேரவில்லை. வில்லும்சனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

உலகம் வேகனரைத்தான் பேசுகிறது, பேசட்டும். எனக்கு மனதில் நிற்பவர் சோர்ஜ்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் கீழ்நோக்கித் தோண்டிக்கொண்டே இருந்தார், 15 மீட்டர் ஆழத்துக்கு. சுவரிலிருந்து துண்டு எடுப்பது, எடை போடுவது, கன அளவால் வகுப்பது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு! அதிலிருந்து வந்ததுதான் சோர்ஜ் விதி. பனிப்பொழிவும் குளிரும் ஆண்டுதோறும் மாறாதிருந்தால், குறிப்பிட்ட ஆழத்தில் அடர்த்தியும் மாறாது. மேலே புதிது விழ விழ ஒவ்வோர் அடுக்கும் கீழே இறங்கி, தனக்கு முன்னால் அங்கே இருந்த அடுக்கின் அடர்த்தியை அடைந்துவிடும்.

"பனியை அமுக்கினால் ஐஸ், இதற்கு ஒரு படிப்பா?" என்று உன் சித்தப்பா ஒரு கல்யாணப் பந்தியில் கேட்டார். இலையில் பாயசம் விழும்வரை விளக்கினேன். புதுப்பனி கன மீட்டருக்கு 100 கிலோகூடத் தேறாது. முதலில் பனிமணிகள் உருண்டு, நகர்ந்து, நெருங்கி உட்காருகின்றன. சுமார் 550 கிலோவுக்கு மேல் அப்படி நெருங்க இடமில்லை. தொட்ட இடத்தில் ஒட்டி, மணிகளை இணைக்கும் கழுத்து தடித்து, மெல்ல உருமாறித்தான் இறுக வேண்டும். 830-ஐ ஒட்டித்தான் துளைகள் மூடி, காற்று குமிழிகளாகச் சிறைப்படும். ஆல்ப்ஸில் உருகிய நீர் உதவுவதால் இது சில பத்தாண்டுகளுக்குள் முடிந்துவிடும். அண்டார்க்டிகாவின் உட்பகுதியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். சித்தப்பா பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்துபோனார்.

அதனால்தான் சொல்கிறேன், உன் நண்பர்களின் பழங்காலக் காற்று உன்னிடம்தான் கடன்பட்டிருக்கிறது. துளைகள் மூடும்வரை ஃபிர்னுக்குள் வெளிக்காற்று போய்வந்துகொண்டே இருக்கும். ஆகவே குமிழியில் உள்ள காற்று, சுற்றியுள்ள பனிக்கட்டியைவிட எப்போதும் இளையது. கிரீன்லாந்தின் உச்சியில் இந்த இடைவெளி ஏறத்தாழ 200 ஆண்டு, அண்டார்க்டிகாவின் வோஸ்டோக்கில் ஆயிரங்களில். ஃபிர்ன் இறுகும் வேகம் தெரியாமல் இதைக் கணக்கிட முடியாது. அதே அண்டார்க்டிகாவின் டோம் சி-யில் துளையிட்டு எடுத்த எட்டு லட்சம் ஆண்டுப் பனிக்கட்டிப் பதிவுக்கும் இதே கதைதான்.

இன்னொன்று. சோர்ஜ் 'மாறாதிருந்தால்' என்று வைத்த நிபந்தனை இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. ஜூலை 2012-ல் கிரீன்லாந்தின் மேற்பரப்பில் ஏறக்குறைய எங்கும் உருகல் பதிவானது. ஆகஸ்ட் 2021-ல் உச்சியிலேயே மழை. தென்கிழக்கில் 2011-ல் துளையிட்டவர்களுக்கு, கோடை தொடங்கும் முன்பே, ஃபிர்ன் நீர் சொட்டச் சொட்ட மேலே வந்தது. உருகும் நீரை ஃபிர்ன் தன் துளைகளில் வாங்கி வைத்துக்கொள்ளும் மட்டும் கடலுக்குப் போவது குறைவு. அதுவே உள்ளே கெட்டிப் பலகையாக உறைந்துவிட்டால், அடுத்த முறை உருகும் நீர் இறங்க வழியின்றி நேரே கடலுக்கு ஓடும். இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்று கண்டுபிடிக்கத்தானே உன்னை அனுப்புகிறார்கள்? இதை எடுபிடி வேலை என்று இனிமேல் என்னிடம் சொல்லாதே.

முதல் குழியின் எண்களை ஆழவாரியாக எழுதி அனுப்பு. வரைபடத்தாள் வாங்கி வைத்திருக்கிறேன். கணினியில் போட்ட படம் வேண்டாம், நானே புள்ளி வைத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: குழிக்குள் தனியாக இறங்காதே, மேலே ஒருவர் நின்றே ஆக வேண்டும். இருமல் மருந்து இரண்டு பாட்டில் அனுப்பட்டுமா என்று அப்பா கேட்கிறார். உறைந்துபோகும் என்று சொல்லியும் கேட்கவில்லை.