3 லட்ச ரூபாய் வழக்குக்கும் 300 கோடி வழக்குக்கும் ஒரே ஆவணச் சுமையா?

சென்னை உயர் நீதிமன்றத்தின் மாண்புமிகு தலைமை நீதிபதி அவர்களுக்கும் விதிகள் குழுவினருக்கும் வணக்கம்.

வணிக நீதிமன்றங்கள் சட்டம் 2015-இல் வந்தபோது 1 கோடி ரூபாய்க்குக் குறைந்த வழக்குகள் அதில் சேராது. 1 கோடியும் அதற்கு மேலும் உள்ள வழக்குகளுக்காகத்தான், ஆவணங்களை வெளிப்படுத்துவது பற்றிய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11-ஆம் கட்டளை புதிதாக எழுதப்பட்டது. 2018-இல் வரம்பை 3 லட்சத்துக்கு இறக்கினார்கள். ஆவணக் கடமை மட்டும் இறங்கவில்லை.

வழக்கு தொடர்பாக வாதியின் கைவசம் உள்ள எல்லா ஆவணங்களும், சாதகமோ பாதகமோ, வழக்குரையோடு வர வேண்டும். வேறெதுவும் தன்னிடம் இல்லை என்று சத்தியமும் செய்ய வேண்டும். விட்டுப்போனதைப் பிறகு காட்ட வேண்டுமானால் நியாயமான காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். பிரதிவாதிக்கும் இதே கதைதான்.

4 லட்சம் பாக்கி கேட்கும் ஒரு துணி வியாபாரியை நினைத்துப் பாருங்கள். ஆர்டர் வந்தது வாட்ஸ்அப்பில், அதிலும் பாதி வாய்ஸ் மெசேஜ். லாரி ரசீது குடோனில், இன்வாய்ஸ் ஆடிட்டரிடம். எது பின்னால் தேவைப்படுமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கட்டுகிறோம். மின்னணுப் பதிவு என்றால் 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) சான்றிதழ், அதில் நிபுணரின் கையெழுத்து. இவ்வளவும் முடிந்த பிறகு எதிர்த்தரப்பு பல வருடக் கணக்குப் புத்தகங்களைக் கேட்டு மனு போடும். கட்சிக்காரர் அலுத்துப்போய், வந்தவரை போதும் என்று சமரசத்துக்கு இறங்கிவிடுவார். பல மனுக்களின் நோக்கமே அதுதான் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

எதிர்த்தரப்பு பதில் கேட்டு எழுத்தில் அனுப்பும் வினாப்பட்டியல் துன்புறுத்துவதாக இருந்தால் நீக்கலாம் என்று அதே கட்டளையின் 2-ஆம் விதி சொல்கிறது. ஆவணம் கேட்கும் 5-ஆம் விதியில் அப்படி ஒரு வரி இல்லை.

விசாரணைக்கு வழிகாட்டக்கூடிய எந்தக் காகிதமும் தொடர்புடையதே என்று 1882-இல் பெருவியன் குவானோ வழக்கில் தீர்ப்புச் சொன்ன இங்கிலாந்தே 1999-இல் அந்த அகலத்தைக் கைவிட்டது. அங்கே வணிக வழக்குகளில் 2022 அக்டோபர் முதல் நிரந்தரமாகிவிட்ட முறையில், எந்த எழுவினாவுக்கு (வழக்கில் தீர்மானிக்க வேண்டிய கேள்விக்கு) எவ்வளவு தேடல் நியாயம் என்று நீதிபதி பார்க்கிறார். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களும் 2015 டிசம்பரிலிருந்து வழக்குத் தொகையையும் தேடும் செலவையும் எடைபோடுகின்றன.

வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 18-ஆம் பிரிவு நடைமுறை அறிவுறுத்தல் வெளியிடும் அதிகாரத்தை உங்களுக்குத் தருகிறது. அறிவுறுத்தல் சட்டத்துக்குத் துணைதான், அதைச் சுருக்க முடியாது என்பார்கள். சரி. ஆனால் 5-ஆம் விதிப்படி உத்தரவிடுவதும், எது நியாயமான காரணம் என்று முடிவு செய்வதும் நீதிமன்றத்தின் கையில்தானே இருக்கிறது? ஆவணம் கேட்பவர் எந்த எழுவினாவுக்காக, எந்தக் காலத்துக்கு, யாருடைய பதிவைக் கேட்கிறார் என்று எழுதட்டும். தொகைக்குப் பொருந்தாத தேடலானால் அதன் செலவையும் அவரே ஏற்கட்டும். அத்தகைய கோரிக்கையை மறுத்தவர் மீது, ஆவணம் அவருக்கு எதிரானது என்று கருதிக்கொள்ளும் பாதகமான அனுமானம் வேண்டாம். சிறிய வழக்கில் விடுபட்ட காகிதத்துக்கு அனுமதி தருவதில் கொஞ்சம் தாராளமும் வேண்டும்.

ஒன்றை மட்டும் தளர்த்தக் கூடாது. தனக்குப் பாதகமானது என்று தெரிந்தே கையில் வைத்திருக்கும் ஆவணத்தை, தொகை எதுவானாலும், தாக்கல் செய்தே ஆக வேண்டும். இதில் சலுகை தந்தால் முதலில் பயனடைவது பெரிய கம்பெனிகள்தான்.

வரைவு தயாரானால், இறுதியாக்கும் முன் மாவட்ட அளவில் வணிக வழக்கு நடத்தும் வழக்கறிஞர்களின் கருத்தையும் கேட்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சிறு வியாபாரிகளுக்காக வழக்காடும் வழக்கறிஞர் ஒருவர்
ஈரோடு