தம்பிக்கு ஒரு கடிதம்: லோடட் ஃபிரைஸ் மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம்?

அன்புள்ள தம்பிக்கு,

சனிக்கிழமை ஆட்டம் பார்க்கப் பத்துப் பேரை வீட்டுக்கு அழைத்திருக்கிறாய், அவர்களுக்கு லோடட் ஃபிரைஸ், அதாவது பொரித்த உருளைக்கிழங்குத் துண்டுகளின் மேல் கறியும் சீஸும் கொட்டிய பண்டம், செய்துபோடப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். கூடவே அனுப்பிய பட்டியலையும் படித்தேன். கொத்துக்கறி, ராஜ்மா, கோழி, காளான், மூன்று வகை சீஸ், வதக்கிய வெங்காயம், தக்காளி சல்சா, அவகாடோ, ஊறவைத்த மிளகாய், மேலே கெட்சப், அதற்கும் மேலே மயோனைஸ். படிக்கும்போதே பசித்தது, சந்தேகமில்லை. ஆனால் அவ்வளவு நீளப் பட்டியலில் உருளைக்கிழங்குக்கு மட்டும் இடமே இல்லை. அதனால்தான் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். இந்தப் பண்டத்தில் நடப்பதெல்லாம் மொறுமொறுப்புக்கும் ஈரத்துக்கும் இடையிலான சண்டை. உருளைக்கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். பொரித்து எடுத்த பிறகும் உள்ளே ஈரம் மிச்சமிருக்கும். அது மெல்ல மெல்ல மேல்தோலுக்கு வந்து அதை இளக்கும். போதாததற்கு மேலே நாம் கொட்டும் சாறு, அதிலிருந்து கிளம்பும் ஆவி. கடைசியில் ஈரம் ஜெயிக்கத்தான் போகிறது. அந்தத் தோல்வியைப் பத்து நிமிடம் தள்ளிப்போட்டால் போதும், அதற்குள் தட்டு காலியாகிவிடும். நான் இங்கே சொல்வதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான்.

கிழங்கை நீயே நறுக்கிப் பொரிப்பதென்று பிடிவாதமாக இருந்தால், மாவுச்சத்து மிகுந்த ரகமாகப் பார்த்து வாங்கு. வேகவைத்தால் உதிர்ந்து மாவாகும் கிழங்கு இதற்கு நல்லது. வழுவழுப்பாக, கட்டியாக நிற்கும் ரகம் வேண்டாம். ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு நறுக்கு. அதைவிட மெல்லியது பாரம் தாங்காமல் ஒடியும். அதைவிடத் தடித்தால் ஒவ்வொரு வாயிலும் மாவே மிஞ்சும். நறுக்கியதும் குளிர்ந்த நீரில் அலசி, அரை மணி நேரம் ஊறவிடு. வெட்டுப்பட்ட இடங்களில் ஒட்டியிருக்கும் மாவு கழுவிப் போகாவிட்டால் துண்டுகள் எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு துணியில் பரப்பி ஈரம் போகத் துடைத்துவிடு. இதில் சோம்பல் கூடாது, ஈரக் கிழங்கு சூடான எண்ணெயில் விழுந்தால் எண்ணெய் பொங்கும்.

பொரிப்பது இரண்டு முறை. முதல் முறை 150 முதல் 160 டிகிரி செல்சியஸ் வரையிலான எண்ணெயில் ஐந்தாறு நிமிடம். நிறம் ஏறாது, உள்ளே மட்டும் வெந்துவிடும். எடுத்துப் பரப்பி நன்றாக ஆறவிடு. இரண்டாவது முறை 190 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம். மேல்தோல் இறுகிப் பொன்னிறமாவது இப்போதுதான். ஒரே மூச்சில் பொரித்தால் உள்ளே வேகும்வரை வெளியே கருகும், அல்லது வெளியே சிவக்கும்போது உள்ளே பச்சையாக இருக்கும். இரண்டு பொரிப்புக்கும் நடுவே கொஞ்ச நேரம் விட்டாலும் பரவாயில்லை என்பது விருந்து வைப்பவருக்குப் பெரிய வரம். முதல் பொரிப்பை மதியமே முடித்துவைத்துவிடலாம். எண்ணெய் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஏறக் கூடாது. தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியால் மூடு. தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதே.

கிழங்கை முன்கூட்டியே வாங்கினால் குளிர்பெட்டிக்குள் வைக்காதே. குளிரில் அதன் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். பொரிக்கும்போது உள்ளே வேகுமுன்னே கரும்பழுப்பாகிக் கசக்கும். அப்படி அதிகம் சிவந்த கிழங்கில் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருளும் கூடுதலாக உருவாகும். உணவில் அது உண்டாவதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2002இல் வெளிப்படுத்திய பிறகுதான் உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கியது. பொன்னிறத்தில் நிறுத்திக்கொள், அவ்வளவுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் உண்மையான கருத்தைச் சொல்கிறேன்: பத்துப் பேருக்கு உறைந்த ஃபிரைஸ் பாக்கெட்டையே வாங்கு. இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் அதை வெந்நீரில் இளவேக்காடாக வேகவைத்து, ஈரம் உலர்த்தி, ஒருமுறை பொரித்துத்தான் உறையவைக்கிறார்கள். நீ வீட்டில் செய்ய வேண்டிய முதல் பொரிப்பு ஏற்கெனவே முடிந்துவிட்டது. நண்பர்கள் கூடத்தில் கத்திக்கொண்டிருக்க, நீ மட்டும் கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆளுக்கு 200 முதல் 250 கிராம் வரை கணக்கு வை. இரண்டரைக் கிலோ போதும். உருகவிடாமல் உறைந்தபடியே ட்ரேயில் ஒற்றை அடுக்காகப் பரப்பு. ஓவனை முன்பே 220 டிகிரிக்குச் சூடாக்கி, ட்ரேயையும் காலியாக உள்ளே வைத்துச் சூடேற்றிவிட்டால் அடிப்பக்கமும் மொறுமொறுக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஐந்து நிமிடம் கூட விடு. வெறும் ஃபிரைஸாகச் சாப்பிட அது கொஞ்சம் அதிகம். பாரம் சுமக்கப்போகும் ஃபிரைஸுக்கு அதுதான் அளவு. ஏர் ஃபிரையர் இரண்டு பேருக்கு அருமையான கருவி. பத்துப் பேருக்கு அதில் செய்யத் தொடங்கினால் ஆட்டத்தின் முடிவை மறுநாள் செய்தித்தாளில்தான் படிப்பாய்.

இனி உன் பட்டியலுக்கு வருகிறேன். பாதியை அடித்துவிடு. கனமானது ஒன்று, சீஸ் ஒன்று, புளிப்பும் மொறுமொறுப்பும் உள்ளது ஒன்று, குளிர்ந்த கிரீம் ஒன்று. இதற்கு மேல் சேர்ப்பதெல்லாம் ஒன்றின் சுவையை இன்னொன்று மறைக்கத்தான் பயன்படும். கொத்துக்கறியும் கோழியும் ஒரே தட்டில் எதற்கு?

கனமானதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள், ஆகவே இதைக் கவனமாகப் படி. கொத்துக்கறி, ராஜ்மா கலவையை முந்தின நாளே செய்துவிடு. கறியை அகலமான வாணலியில், அதிகத் தீயில், கிளறிக்கொண்டே இராமல் அடிப்பக்கம் சிவக்கும்வரை விடு. கறி விடும் தண்ணீர் முழுவதும் வற்றி, சலசலப்புச் சத்தம் மாறிக் கொழுப்பில் பொரியும் சத்தம் கேட்க வேண்டும். வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகாய்த்தூள் எல்லாம் அதற்குப் பிறகுதான். தக்காளியைப் பச்சையாக நறுக்கிப் போடுவதைவிடத் தக்காளி விழுதைப் போட்டு எண்ணெய் பிரியும்வரை வதக்கு, சுவை கூடும், நீர் குறையும். ராஜ்மாவில் ஒரு கைப்பிடியை மசித்துச் சேர்த்தால் கலவை கெட்டிப்படும். பதம் பார்க்க எளிய வழி உண்டு. கரண்டியால் வாணலியின் நடுவே ஒரு கோடு இழு. கோட்டுக்குள் சாறு ஓடிவந்தால் இன்னும் வற்றவில்லை. கோடு அப்படியே நின்றால் அடுப்பை அணைக்கலாம். சோற்றுக்கு ஊற்றிக்கொள்ளும் பதத்தில் இருந்தால் ஃபிரைஸுக்கு ஆகாது. இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் இருந்தால் இன்னும் இறுகும், மசாலாவும் ஊறும்.

ராஜ்மாவை உலர்ந்ததாக வாங்கினால் எச்சரிக்கையாக இரு. பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது. சரியாக வேகாத சில பயறுகளே வாந்தி பேதியில் கொண்டுபோய் விட்டுவிடும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிட்டு, அதன் பிறகு மிருதுவாகும்வரை வேகவை. இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் நேராகப் போடுவதுதான் ஆபத்து, அந்தச் சூடு நச்சை அழிக்கப் போதாது. டப்பாவில் வரும் ராஜ்மா வெந்தது, அதற்கு இந்தக் கவலை இல்லை.

கறி சாப்பிடாதவர்களுக்குக் காளான் போதும், தனி ட்ரேயில். காளானும் தண்ணீர் மூட்டைதான். எண்ணெய் விடாத சூடான வாணலியில் முதலில் அதன் நீரை வற்றவைத்துவிட்டுப் பிறகு எண்ணெயும் உப்பும் சேர். அந்த ட்ரேக்கு வாங்கும் சீஸின் உறையையும் ஒருமுறை படித்துவிடு. பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனெட் பயன்படுத்திய சீஸ்களும் உண்டு. பார்மிஜானோ ரெஜ்ஜானோ எப்போதுமே அப்படித்தான். சைவ நண்பர்களுக்குத் தெரியாமல் அதைப் பரிமாறுவது நியாயமில்லை.

சீஸில் மூன்று வகை எதற்கு? துருவி வரும் பாக்கெட் சீஸ் வேண்டாம். துருவல்கள் ஒட்டாமலிருக்க அதில் மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள், அது சீராக உருகாது. மொசரெல்லா மட்டும் போட்டால் சூடாக இருக்கும்வரை நூல்நூலாக நீளும், ஆறியதும் ரப்பராகிவிடும். ஆட்டம் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிடுபவர்களுக்கு சீஸ் சாஸ்தான் ஏற்றது, வெதுவெதுப்பாகிவிட்டாலும் இளக்கம் போகாது. செடார் சீஸ் 225 கிராம் துருவி, ஒரு மேசைக்கரண்டி சோள மாவில் புரட்டிக்கொள். ஏறக்குறைய 350 மில்லி எவாப்பரேட்டட் பாலோடு (இனிப்பில்லாமல் வற்றவைத்த டப்பா பால்) சேர்த்துச் சிறுதீயில் ஐந்து நிமிடம் கிளறினால் வழவழவெனத் திரண்டுவரும். இனிப்பான கண்டென்ஸ்டு பாலை மாற்றி வாங்கிவந்துவிடாதே. பத்துப் பேருக்கு இந்த அளவில் இரண்டு பங்கு செய்.

வெங்காயத்தை வதக்காமல் மெல்லிசாக நறுக்கி வினிகர், உப்பு, சிட்டிகை சர்க்கரையில் அரை மணி நேரம் ஊறவை. இவ்வளவு கொழுப்புக்கு நடுவே நாக்கைத் திரும்பத் தட்டியெழுப்புவது அந்தப் புளிப்புதான். உன் பட்டியலில் விடுபட்டிருந்த முக்கியமான சங்கதி இந்த ஊறவைத்த வெங்காயம். பிழிந்துவிட்டுப் போடு. கிரீமுக்குப் பதில், துணியில் கட்டி இரவெல்லாம் நீர் வடிந்த தயிரே போதும். அவகாடோவை விட்டுவிடு, பத்துப் பேருக்கு நறுக்கி முடிப்பதற்குள் முதலில் நறுக்கியது கறுத்துவிடும். கெட்சப்பைப் பற்றி உன்னோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. கிண்ணத்தில் ஊற்றி ஓரமாக வை.

அடுக்கும் வரிசையை நெதர்லாந்துக்காரர்களிடம் கற்றுக்கொள்ளலாம். ரோட்டர்டாம் நகரில் 2003 வாக்கில் கப்சலான் என்று ஒரு பண்டம் பிறந்தது. அலுமினியத் தட்டில் ஃபிரைஸ், அதன்மேல் சீவிய கறி, அதன்மேல் சீஸ். இதை மேலிருந்து வரும் அனலில் காட்டி சீஸை உருக்கிவிட்டு, பச்சைக் காய்கறிகளைக் கடைசியில், சூட்டுக்கு வெளியே போடுகிறார்கள். சூடானதெல்லாம் அடியில், குளிர்ந்ததெல்லாம் உச்சியில். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1950களில் தோன்றிய பூட்டீன் வேறு கட்சி. அதில் சூடான கிரேவியையே ஊற்றிவிடுவார்கள், கிழங்கு நனைவதும் அங்கே சுவையின் ஒரு பகுதி. இரண்டும் நல்லவைதான். ஆனால் பூட்டீன் ஊற்றிய கையோடு சாப்பிட வேண்டியது, கோல் விழும்போதெல்லாம் எழுந்து ஓடுகிறவர்களுக்கு அது ஒத்துவராது.

ஆகவே எல்லாவற்றையும் ஒரே மலையாகக் குவிக்காதே. மலையின் நடுவில் இருக்கும் ஃபிரைஸ் தன் ஆவியிலேயே புழுங்கிப்போகும். மேலே எடுப்பவர்களுக்குக் கறி கிடைக்கும், அடியில் தோண்டுபவர்களுக்கு வெறும் கிழங்கு. அகலமான ட்ரேயில் ஃபிரைஸைப் பரப்பி, உப்புத் தூவி, பாதி சாஸ், மேலே கொஞ்சம் ஃபிரைஸ், பிறகு கொதிக்கக் கொதிக்கக் கறி, மீதி சாஸ், கடைசியாக வெங்காயம், தயிர், வெங்காயத்தாள். கறி குளிர்ந்திருந்தால் ஃபிரைஸின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் அதை மறுபடி நன்றாகச் சூடாக்கி அடுப்பிலேயே வைத்திரு. முதல் ட்ரே ஆட்டம் தொடங்கும்போது, இரண்டாவது இடைவேளையில். இரண்டாவது ட்ரேக்கான ஃபிரைஸ், இடைவேளை விசில் ஊதும் நேரத்தில் வெந்து முடியும்படி முன்கூட்டியே ஓவனுக்குள் போகட்டும். எடுத்துவந்து மேசையில் வைக்கும்வரைகூட மூடி போடாதே. முட்கரண்டி எல்லோருக்கும் கொடு, விரலால் எடுக்கிற கட்டத்தை இந்த ஃபிரைஸ் தாண்டிவிட்டது.

மிச்சமானால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடு. பாரம் ஏற்றிய ஃபிரைஸை மறுபடி சூடாக்கி யாரும் மொறுமொறுப்பைத் திரும்பப் பெற்றதில்லை. மறுநாள் காலை அதை வாணலியில் போட்டுப் பிரட்டி, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, நல்ல காலை உணவாக்கிக்கொள். சாஸும் கறியும் தனியாக மிஞ்சினால் அதைவிட நல்லது, டப்பாவில் போட்டு எனக்கு எடுத்துவா.

அன்புடன்,
அக்கா