வாசிகசாலைக் கூரைக்கும் வீட்டு ஓவியங்களுக்கும் நன்கொடை வேண்டுகோள்

பிள்ளையார் துணை

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

ஐப்பசி மழைக்கு முன் வாசிகசாலைக்குக் கூரை போட்டாக வேண்டும். தவறினால், ஊரவர் வரைந்து தந்த 64 வீட்டு ஓவியங்களும் இன்னொரு மாரியையும் தகரப் பெட்டிக்குள்ளேயே கழிக்க நேரும். சென்ற மாரியில் ஏழு ஓவியங்களின் ஓரத்தைப் பூஞ்சணம் தின்றுவிட்டது.

இது பிடியரிசியில் எழுந்த வாசிகசாலை. உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை வீட்டுக்கு வீடு முட்டியில் போட்டுவைத்து, சேர்ந்ததை விற்று, அந்தக் காசில் எங்கள் பாட்டன்மார் சுவர் எழுப்பினார்கள். எழுத்தறியாதவர்களும் திண்ணையில் இருந்து பத்திரிகை கேட்ட ஊர் இது என்று மூத்தவர்கள் இன்றும் சொல்லிக்கொள்வதுண்டு. அந்தப் பெருமையைக் குறைத்துச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. 1990இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இருந்த எங்கள் ஊரை விட்டு வெளியேறினோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்தபோது, கையில் மிஞ்சியதைத் தூக்கிக்கொண்டு தென்மராட்சிக்கு மறுபடியும் நடந்தோம். 2009க்குப் பின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டுத் திரும்பியபோது வாசிகசாலைக்குச் சுவர்களாவது நின்றன. பல வீடுகளுக்குக் கிணற்றுக்கட்டு மட்டுமே அடையாளம்.

அந்த வீடுகளை நினைவிலிருந்து வரையச் சொல்லும் எண்ணம் எங்களுக்குத் தானாக வந்ததன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தோர் வரைந்த வீட்டுப் படங்களைத் தொகுத்து 2011இல் நூலாக்கி, ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடான தோம்பின் பெயரை அதற்கு இட்டிருந்தார். அதைப் பார்த்த எங்கள் இளம் ஓவியர்கள் ஊர்ப் பெரியவர்களின் அருகில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தார்கள். காணி உறுதிப் பத்திரத்தில் இரண்டு பரப்புக் காணி, நான்கு எல்லை, கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் உரிமை எல்லாம் இருக்கும். அம்மி எந்தப் பக்கம் கிடந்தது என்று எந்த உறுதியும் சொல்லாது. ஓர் ஆச்சி சுவர் எதையும் கீறாமல் அம்மியையும் அடுப்படியையும் துலாவையும் மட்டும் வைத்துவிட்டு, "மாமரத்துக்கு இடம் காணாது, இன்னொரு தாள் தா மோனை" என்று கேட்டார். அவருடைய வீடு இரண்டு தாளில் இருக்கிறது. இவற்றைச் சட்டமிட்டு மாட்டுவதோடு, உட்சுவர் ஒன்றில் ஊரின் ஒழுங்கைகளையும் ஓவியர்கள் வரையவிருக்கிறார்கள்.

செலவு விபரம்: கூரைக்கு 7,80,000 ரூபா, சுவர்ப் பூச்சுக்கும் மின்சாரத்துக்கும் 4,10,000, ஓவியம் ஒன்றுக்கு 4,500 வீதம் சட்டமிட 2,88,000, ஓவியர்களின் கொடுப்பனவு, சாப்பாடு, வர்ணம் ஆகியவற்றுக்கு 3,72,000. மொத்தம் 18,50,000. கையில் உள்ளது 11,20,000. குறைவது 7,30,000 ரூபா. ஓவியர்களுக்கு எதற்குக் காசு என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். தச்சருக்குக் கூலி கொடுப்பவர்கள் இதைக் கேட்கக் கூடாது என்பதே குழுவின் முடிவு.

இதுவரை தந்தவர்களை எப்படி நன்றி சொல்லி முடிப்பது? ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இரவு வேலை செய்து மாதந்தவறாமல் அனுப்பியவர்கள், ஓய்வூதியத்தில் ஒரு பங்கைக் கொண்டுவந்து தந்த ஆசிரியர், தன் வளவில் நின்ற இரண்டு பனைகளைக் கூரைச் சிலாகைக்கென்று தறித்துத் தந்த குடும்பம், வேலையாட்களுக்குத் தேநீருக்குச் சீனி அளந்து தந்து கணக்கில் எழுதாதே என்ற சந்திக் கடைக்காரர், எல்லோருக்கும் பிள்ளையார் குறைவின்றித் தருவார். காசு தர இயலாமல் வீட்டை வரைந்து தந்தவர்களையும் நன்கொடையாளர் பட்டியலிலேயே எழுதியிருக்கிறோம்.

சென்ற தேர்த்திருவிழாவில் கையுயர்த்திப் பணம் தருவதாக வாக்குக் கொடுத்த 23 பேரில் ஒன்பது பேரின் பணம் இன்னும் வரவில்லை. பெயர்களை எழுத மாட்டோம்; அவர்களுக்குத் தெரியும். தங்கள் தாய் தகப்பனின் வீடு வரையப்பட்டு அந்தப் பெட்டிக்குள் இருப்பதும் அவர்களிற் சிலருக்குத் தெரியும்.

புரட்டாதி முடிவதற்குள் பணத்தைப் பொருளாளரிடமோ, உங்கள் நாட்டில் உள்ள குழுப் பிரதிநிதியிடமோ சேர்ப்பித்துப் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு உண்டு. ஓடும் சிலாகையும் வந்து இறங்கிவிட்டன. தச்சர் முற்பணத்துக்குக் காத்திருக்கிறார்.

இவ்வண்ணம்,
வாசிகசாலைப் புனரமைப்புக் குழுவினர்